அப்பாவின் மார்பின் மாத்திரையை நிறுத்தலாமா? வெள்ளையணுக்களைப் பற்றிக் கேட்ட மகளுக்கு

பெரம்பூரிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 66 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. வலிக்காக, அபினியிலிருந்து வரும் மார்பின் (morphine) என்ற மருந்தை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மார்பின் வெள்ளையணுக்களை முடக்கிவிடும், தொற்று வந்து ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்று ஒரு கட்டுரையை மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பயந்துபோய் மூன்று நாளாக இரவு பத்து மணி மாத்திரையை மட்டும் கொடுக்கிறார்களாம். இரண்டு மணிக்கெல்லாம் அப்பா விழித்துக்கொள்கிறார். படுக்க முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே விடிய வைக்கிறார். மாமா சொன்னது உண்மையா, மாத்திரையை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா என்பது கேள்வி.

நான் சென்னையில் வலி நிவாரணப் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கும் மருத்துவர். அதற்கு முன்பு மருந்தியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: நிறுத்தாதீர்கள். இன்றைக்கே உங்கள் மருத்துவருக்குப் போன் போட்டு, மூன்று நாளாகக் குறைத்துக் கொடுத்ததை ஒளிக்காமல் சொல்லி, எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்று கேளுங்கள். விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகக் கொடுத்துவிட வேண்டாம்.

இனி மாமாவின் கட்டுரைக்கு வருகிறேன். அதன் அடிப்படையான செய்தி பொய் இல்லை. அபினியும் அதிலிருந்து வரும் மருந்துகளும் வெள்ளையணுக்கள் முதலான நோயெதிர்ப்புச் செல்களை மந்தப்படுத்தும். இதை நூறு வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 1898-ல் பாரிஸில் கான்டாகுசினோ என்ற ருமேனிய ஆய்வாளர் கினிப் பன்றிகளுக்கு அபினி கொடுத்து, காலரா கிருமியை உள்ளே செலுத்தினார். வழக்கமாகக் கிருமியைப் பாய்ந்து விழுங்கும் வெள்ளையணுக்கள் அப்போது சோம்பிக் கிடந்தன. ஏன் அப்படி என்று சொல்ல அந்தக் காலத்தில் வழியில்லை. மார்பின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பதே 1973-ல்தான் தெரியவந்தது. 1979-ல் ஜோசப் வைப்ரான் குழுவினர் மனித ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்களிலும் அப்படிப்பட்ட ஏற்பிகள் இருக்க வேண்டும் என்று காட்டினார்கள். மார்பின் போட்டால் செல்லின் நடத்தை மாறியது, மார்பினை முறிக்கும் நலாக்சோனைச் சேர்த்தால் அந்த மாற்றம் மறைந்தது. 1998-ல் கேள்விக்கே இடமில்லாமல் ஆயிற்று. மியூ ஏற்பி என்ற அந்த ஒன்றை மரபணுவிலேயே நீக்கிய சுண்டெலிகளுக்கு மார்பின் கொடுத்தார்கள். அவற்றுக்கு வலியும் குறையவில்லை, எதிர்ப்புச் சக்தியும் குறையவில்லை. இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் நடக்கின்றன.

வெள்ளையணு என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல வேலைக்காரர்கள் கொண்ட கூட்டம். ஒவ்வொருவரிடமும் மார்பின் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்கிறது. காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோஃபில்கள், "இங்கே வா" என்று திசு அனுப்பும் ரசாயன அழைப்பைச் சரியாகக் கேட்காமல் தாமதமாக வருகின்றன. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் குறைவாக விழுங்குகின்றன, விழுங்கியதைக் கொல்லப் பயன்படுத்தும் நைட்ரிக் ஆக்சைடையும் குறைவாகத் தயாரிக்கின்றன. டி செல்கள் மற்ற செல்களுக்குச் சேதி சொல்லச் சுரக்கும் இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான் காமா ஆகிய இரண்டு புரதங்களையும் குறைத்துக்கொள்கின்றன. இதில் இன்டர்ஃபெரான் காமாதான் மேக்ரோஃபேஜை உசுப்பிவிடுவது. காசநோய்க் கிருமி போல செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் கிருமிகளை அடக்க அது இல்லாமல் முடியாது. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றுச் செல்லையும் நேரடியாகக் கொல்லும் என்.கே. செல்களின் வேகமும் குறைகிறது.

இந்த என்.கே. செல் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. 1989-ல் எலிகளின் மூளைத் தண்டில், வலியை அடக்கும் ஒரு சிறு பகுதியில் மட்டும் மார்பினைத் துளியளவு செலுத்திப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்து ஓடவில்லை. ஆனாலும் மண்ணீரலில் இருந்த என்.கே. செல்கள் தளர்ந்துபோயின. ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் மூளையிலிருந்து மண்ணீரல் வரை போகின்றன. அட்ரினல் சுரப்பிக்கும் ஆணை போய் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அதாவது செல்லை மருந்து நேரடியாகத் தொடுவது ஒரு வழி, மூளை மூலமாக அடக்குவது இன்னொரு வழி.

இவ்வளவையும் கண்ணால் பார்க்க முடியாது. கண்ணில் தெரிகிற ஒன்று உண்டு. மார்பினைக் கையின் ரத்தநாளத்தில் ஊசியாகப் போடும்போது, சிலருக்கு ஊசி குத்திய இடத்திலிருந்து முழங்கையை நோக்கி ரத்தநாளத்தின் மேலேயே சிவப்பாக ஒரு கோடு கிளம்பும். பென்சிலால் கிழித்தது மாதிரி இருக்கும். அரிக்கும். கூட இருப்பவர்கள் அலர்ஜி என்று பதறிப்போவார்கள். அது பெரும்பாலும் அலர்ஜி இல்லை. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் தங்கள் பையைத் திறந்து, அரிப்பும் சிவப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டியதன் அடையாளம். அதுவும் எதிர்ப்புச் செல்தான். ஆனால் இது மியூ ஏற்பி வழியாக நடப்பதில்லை, மார்பின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்ற வலிமருந்தைக் கொடுத்தால் இப்படி ஆவதும் இல்லை. சிறிது நேரத்தில் கோடு மறைந்துவிடும்.

எதிர்ப்புச் செல்களுக்கும் அபினி வகைப் பொருளுக்கும் உள்ள உறவு வெளியிலிருந்து வரும் மருந்தோடு நிற்பதில்லை. நம்முடைய லிம்ஃபோசைட்டுகளே (டி செல்கள் சேர்ந்த வெள்ளையணுக் குழு) பீட்டா எண்டார்ஃபின் என்ற அபினியைப் போன்ற பொருளைத் தயாரித்து, வீங்கிய இடத்தில் வெளியிட்டு வலியைத் தணிக்கின்றன. முழங்கால் அறுவை முடிந்தவர்களுக்கு மூட்டுக்குள் நலாக்சோன் செலுத்திப் பார்த்தபோது வலி கூடியது. உடம்பே அங்கே சுரந்துகொண்டிருந்த வலிமருந்து முறிந்துபோனதுதான் காரணம். இதைப் படித்த நாளிலிருந்து, மார்பினை உடம்புக்கு முற்றிலும் அந்நியமான விஷம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

சரி, அப்படியானால் மாமா சொல்வதுதானே சரி என்று கேட்பீர்கள். இரண்டு இடத்தில் அந்தக் கட்டுரை வழுக்குகிறது.

முதலாவது அளவு. எலிப் பரிசோதனைகளில் பரவலாகப் பயன்படுவது 75 மில்லிகிராம் மார்பின் அடங்கிய ஒரு வில்லை. சுமார் 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் தோலுக்கடியில் அதை வைத்துவிடுவார்கள். அது சில நாட்களுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். அந்த எலிகளில் குடல் கிருமிகள் குடலைத் தாண்டி மற்ற உறுப்புகளுக்குப் பரவியதை 1997-லேயே பார்த்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். அவர் எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். அந்த எலிக்குக் கிலோ கணக்கில் 3,000 மில்லிகிராம் வருகிறது. எலியின் உடம்பு மருந்தை வேகமாகக் கழித்துவிடும், வில்லை முழுவதும் உடனே ரத்தத்துக்குப் போவதில்லை என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இரண்டும் ஒரே தராசில் நிற்காது.

மனிதர்களிடம் பார்த்த ஆய்வுகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்ல வேண்டும். முதியவர்களிடம் செய்து 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு (மார்பின் போன்ற அபினி வகை) மருந்து எடுப்பவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு சுமார் 1.4 மடங்கு இருந்தது. மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் அது இன்னும் அதிகம். 2018-ல் டென்னசி மாநிலத்திலிருந்து வந்த ஆய்வில், நிமோகாக்கஸ் கிருமி ரத்தம் வரை பரவும் தீவிரத் தொற்று சுமார் 1.6 மடங்கு. இந்த எண்களை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஆனால் 1.6 மடங்கு என்றால் எல்லாருக்கும் தொற்று என்று பொருள் இல்லை. பேச்சுக்கு, ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது எட்டுப் பேருக்கு வருகிறது என்பதுபோல. அந்தக் கூடுதல் முழுக்க வெள்ளையணுக்களால் வந்தது என்றும் சொல்ல முடியாது. இந்த மருந்தில் தூக்கம் அசத்தும், இருமல் அடங்கும். அரைத்தூக்கத்தில் கஞ்சி குடித்தால் மூச்சுக்குழாயில் போகும். அதுவே நிமோனியாவுக்குப் போதும்.

போதைக்காக ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் கிடைத்த தகவலை அப்படியே நோயாளிகளுக்குப் பொருத்துவதும் தவறு. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது நம் சென்னையில்தான். பின்னர் பியூப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு மருந்தைப் போதைக்காக ஊசியில் ஏற்றிக்கொண்டவர்களிடம் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவியதையும் இந்த ஊர் பார்த்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களில் மார்பின் எச்.ஐ.வி.க்கு வாசலை அகலமாக்குவது உண்மை. ஆனால் தெருவில் அவர்களுக்குத் தொற்றைக் கொண்டுவந்தது பெரும்பாலும் பகிர்ந்துகொண்ட ஊசி, அதனுடன் பட்டினி, தூக்கமின்மை. 1989-ல் வந்த ஒரு ஆய்வை நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்களின் என்.கே. செல்கள் தளர்ந்திருந்தன. ஹெராயினுக்கு மாற்றாகச் சிகிச்சையில் கொடுக்கும் மெத்தடோனை வருடக்கணக்காக வாய் வழியே ஒரே அளவில் எடுத்துவந்தவர்களின் என்.கே. செல்கள் சாதாரண மனிதர்களுடையது போலவே இருந்தன. மெத்தடோனும் ஓபியாய்டுதான்.

இரண்டாவது வழுக்கல் இதைவிடப் பெரியது. மார்பின் இல்லாவிட்டால் உங்கள் அப்பாவின் வெள்ளையணுக்கள் நிம்மதியாக வேலை பார்க்கும் என்று அந்தக் கட்டுரை சொல்லாமல் சொல்கிறது. மார்பினை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வலி வந்து உட்காரும். வலியும் அதே கார்டிசாலை ஏற்றும், அதே பரிவு நரம்புகளை முறுக்கும், அதே என்.கே. செல்களை அடக்கும். 1993-ல் கேல் பேஜ், பென்-எலியாஹு, லீப்ஸ்கைண்ட் முதலானோர் செய்த பரிசோதனை ஒன்று. எலிகளுக்கு அறுவை செய்து, புற்றுச் செல்களையும் ரத்தத்தில் செலுத்தினார்கள். அறுவை செய்யாத எலிகளைவிட இவற்றின் நுரையீரலில் புற்று அதிகமாகத் தங்கியது. வலி தெரியாமல் மார்பின் கொடுத்தவற்றில் அந்தக் கூடுதல் வெகுவாகக் குறைந்தது. வலியற்ற எலிக்கு மார்பின் கொடுப்பதும், வலியில் துடிக்கும் எலிக்குக் கொடுப்பதும் வேறு வேறு என்பதை இந்தத் துறைக்கு இது உணர்த்தியது.

மனிதர்களில் இதற்கு எலி தேவையே இல்லை. சில வருடங்களுக்கு முன் காசிமேட்டிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார்கள். விலா எலும்புகளில் புற்று. வீட்டில் மாத்திரை இருந்தது. பழகிவிடும் என்று பயந்து அவர் மனைவி அட்டையை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். மனிதர் இடது கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, மேல்மூச்சாக, சின்னச் சின்னதாக இழுத்தார். "நல்லா இழுத்து விடுங்கண்ணே" என்று நர்ஸ் சொன்னதும் பாதியிலேயே முகம் சுருங்கி நின்றுவிட்டது. இருமல் வந்தால் தொண்டையிலேயே அமுக்கிக்கொள்வார். இருமினால் விலா குத்தும். ஐந்து நாள் அப்படி அமுக்கிய சளி நுரையீரலின் அடியில் தேங்கி நிமோனியாவாகிவிட்டது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம், மார்பினும் கொடுத்தோம். மறுநாள் காலையில் அவர் முதல் தடவையாக நன்றாக இருமி, துப்பினார். அவர் மனைவி அந்த எவர்சில்வர் கிண்ணத்தை எங்களிடம் காட்டி அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

உங்கள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கழிக்கும் இரவுகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். தூக்கம் கெட்டாலே என்.கே. செல்கள் தளரும். வலியால் நடமாடாமல் இருந்தால் சளி தேங்கும், படுக்கைப்புண் வரும், சாப்பாடு இறங்காது.

திடீரென்று நிறுத்துவதிலும் ஆபத்து இருக்கிறது. பழகிய உடம்பிலிருந்து மார்பினைச் சட்டென்று எடுத்தால் மூக்கு ஒழுகும், மயிர்க்கூச்செறியும், வயிறு கலங்கும். எதிர்ப்புச் செல்களும் அப்போது நிலைகுலைகின்றன. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் டோபி ஐசன்ஸ்டீன் குழுவினர், மார்பினை நிறுத்திய சுண்டெலிகள் சால்மொனெல்லா கிருமிக்கு எளிதில் பலியாவதை 2006-ல் காட்டினார்கள். வெள்ளையணுவைக் காப்பாற்றுவதற்காக மாத்திரையைப் பிடுங்குவது அந்த வெள்ளையணுவுக்கே கெடுதலாக முடியலாம்.

வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஓபியாய்டுகள் எல்லாம் ஒரே மாதிரி செல்களை அடக்குவதில்லை என்பது நிஜம். பரிசோதனைகளில் மார்பினும் ஃபென்டனிலும் அதிகம் அடக்குகின்றன, பியூப்ரினார்ஃபின் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது, டிரமடால் சில இடத்தில் என்.கே. செல்லைத் தூக்கிவிடவும் செய்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பகுதி எலிகளிலும், அறுவைக்குப் பின் சில நாட்கள் பார்த்த சிறிய ஆய்வுகளிலும் கிடைத்தவை. நோயாளியின் ஆயுளில் அந்த வித்தியாசம் தெரிகிறதா என்று பெரிய அளவில் பார்த்தது ஒன்று உண்டு. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் போன 2,108 பெண்களில் ஒரு பாதிக்கு ஓபியாய்டோடு வழக்கமான மயக்க மருந்து, மறு பாதிக்கு முதுகருகே நரம்பை மரக்கச் செய்து ஓபியாய்டைக் குறைத்த முறை. 2019-ல் முடிவு வந்தது. நோய் திரும்பியது இரண்டு பக்கமும் சுமார் 10 சதவீதம். எலும்பு வலிக்கு டிரமடால் பெரும்பாலும் பற்றாது, ஒரு நாளைக்கு 400 மில்லிகிராமைத் தாண்டவும் கூடாது. எதிர்ப்புச் சக்தியை மட்டும் காரணம் காட்டி நான் மருந்தை மாற்ற மாட்டேன். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் மாற்றுவேன். புராஸ்டேட் அடைப்பால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறினால் மார்பினின் கழிவு உடம்பில் சேர்ந்து ஆளை அசத்திவிடும். அந்த ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தது என்று பாருங்கள்.

மார்பின் அளவைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்: வலிக்கும் எலும்புக்குக் கதிர்வீச்சு. பெரும்பாலானவர்களுக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலே பல தடவை கொடுப்பதற்கு இணையாக வலி குறைகிறது. வலி குறைந்தால் மருத்துவரே மாத்திரையைப் படிப்படியாக இறக்குவார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. நான் அதிகம் வற்புறுத்துவது வயிற்றைத்தான். மார்பின் குடலை மந்தமாக்குவது எல்லாருக்கும் தெரியும். எலிகளில் பார்த்தபோது குடல் சுவரின் செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கமும் தளர்ந்து, கிருமிகள் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் கசிந்தன. குடலில் வாழும் நல்ல கிருமிகளின் கலவையும் மாறிப்போனது. மலச்சிக்கலை வெறும் அசௌகரியம் என்று விட்டுவிடாதீர்கள். மார்பின் எழுதிய சீட்டிலேயே மலமிளக்கி இருக்கும், அதைத் தினமும் கொடுங்கள். மலம் போன பிறகு நிறுத்திவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. இசப்கோலை மட்டும் நம்ப வேண்டாம். தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவர்களுக்கு அது உள்ளே கட்டிக்கொள்ளும். கேன் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுங்கள்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வையுங்கள், முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். கண் சொருகும் நேரத்தில் ஒரு வாய் கூட ஊட்ட வேண்டாம். காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். நிமோகாக்கஸ், ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று கேளுங்கள், ஐப்பசி மழைக்கு முன் முடிந்தால் நல்லது. மருத்துவருக்குத் தெரியாமல் தூக்க மாத்திரை கூடவே கூடாது.

காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். மார்பினோடு பாரசிட்டமாலும் வேளை தவறாமல் எடுப்பவராக இருந்தால் காய்ச்சல் மறைந்துகொள்ளும். அதனால் தெர்மாமீட்டரை மட்டும் பார்க்காமல் அப்பாவைப் பாருங்கள்: நடுக்கம், புதிதாக வந்த சளி இருமல், நேற்று இல்லாத குழப்பம், சிறுநீரில் எரிச்சல். கீமோதெரபி நடந்துகொண்டிருந்தால் காய்ச்சலுக்கு அரை நாள் கூடக் காத்திருக்காதீர்கள். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவாகிப்போனால் உடனே 108.

பழகிவிடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. வலிக்காகச் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், கண்காணிப்போடு எடுப்பவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. இந்த மாத்திரை தெருமுனை மெடிக்கலில் கிடைக்காமல், அங்கீகரித்த மருத்துவமனைகளில் மட்டும் கிடைப்பது 1985-ம் வருடப் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கெடுபிடியால். நோயாளிகளுக்கு எளிதாகக் கிடைக்கட்டும் என்றுதான் 2014-ல் அந்தச் சட்டத்தையே திருத்தினார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மாத்திரை கொடுத்த நேரம், வலி பத்துக்கு எத்தனை, மலம் போயிற்றா, காய்ச்சல் உண்டா என்று நாலு கட்டம் போட்டுத் தினமும் எழுதுங்கள். அடுத்த தடவை மாத்திரை வாங்க வரும்போது அந்த நோட்டை எடுத்துவாருங்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் அனுப்பியதும் அக்கா வீட்டுக்காரர் மேல் உள்ள அக்கறையில்தான், அவரிடமும் உங்கள் மருத்துவர் உட்கார்ந்து பேசுவார்.